முரிங்கூர் தியானத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் "போட்டா தியானத்துக்குப் போய்வந்தோம்" என்று யாராவது சொன்னால், அவர்கள் போய்வந்த ஊர் பெரும்பாலும் போட்டாவாக இருப்பதில்லை. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், சாலக்குடிக்குச் சற்று வடக்கே, நெடுஞ்சாலையோரம் போட்டா இருக்கிறது. வின்சென்ஷியன் சபைக் குருக்கள் அங்குள்ள தங்கள் ஆசிரமத்தில் 1977இல் பொதுமக்களுக்கான தியானங்களை, அதாவது சில நாள் தங்கிப் போதனை கேட்டுச் செபிக்கும் கூட்டங்களைத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகி அந்த இடம் போதாமற்போன பிறகு, சாலக்குடி ஆற்றுக்குத் தெற்கே முரிங்கூரில் 1990இல் டிவைன் தியான மையம் உருவாயிற்று. மலையாளம், தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, கொங்கணி, ஆங்கிலம் எனப் பல மொழிகளில் தனித்தனியே தியானங்கள் நடந்துவரும் வளாகம் அது. இடம் மாறினாலும் பழைய பெயர் நம் நாக்கை விட்டுப் போகவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பேருந்தில் வருகிறவர் நடத்துநரிடம் "போட்டா" என்று சீட்டுக் கேட்டால், அவர் சாலக்குடிக்கு முன்பாகவே இறக்கிவிட்டுவிடுவார். ஆகவே, "முரிங்கூர், டிவைன்" என்று கேட்பதுதான் இந்தப் பயணத்தில் நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடம்.

எங்கள் பங்கிலிருந்து, அதாவது எங்கள் ஊர்க் கோவிலைச் சேர்ந்த மக்களிலிருந்து, போகிற குழுக்களுடன் சில முறை துணைக்குச் சென்றவன் என்ற முறையில், முதல்முறை போகிறவர்கள் எதை எதிர்பார்த்து வந்து எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை ஓரளவு பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் குணமளிக்கும் செபத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஐந்து நாள் நடக்கும் அந்தத் தியானத்தின் அச்சாணியோ பாவசங்கீர்த்தனம், அதாவது பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருகிறவருக்கும் தெரியாமல் வருகிறவருக்கும் அங்கே கிடைப்பது ஒன்றாக இருப்பதில்லை.

இது உங்களுக்கு ஏற்ற தியானமா?

தியானம் என்ற ஒரே சொல்லால் நாம் மிகவும் வேறுபட்ட அனுபவங்களைக் குறிக்கிறோம். இயேசு சபையினர் நடத்தும் இஞ்ஞாசியார் வழித் தியானத்தில் பேச்சே இராது. வழிகாட்டும் குருவை நாளுக்கு ஒருமுறை சந்திப்பதைத் தவிர முழு மௌனம். சென்னை மந்தைவெளியில் உள்ள தியான ஆசிரமம் அந்த மரபைச் சேர்ந்தது. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் 1950இல் தொடங்கப்பட்ட சாந்திவனம் இன்னொரு வகை. அங்கே துறவிகளின் செப நேரங்களில் நீங்கள் கலந்துகொண்டு, மற்ற நேரத்தைத் தனிமையில் கழிக்கலாம். முரிங்கூர் இவ்விரண்டையும் போன்றதன்று. பெரிய கூடம், ஒலிபெருக்கி, இசைக்குழு, கைதட்டல், உரத்த புகழ்ச்சி, நூற்றுக்கணக்கானோருடன் சேர்ந்து உண்டு உறங்கும் வாழ்க்கை என்று அது ஒரு கூட்டு வழிபாட்டின் உலகம். கூட்டத்தில் மூச்சுத் திணறுகிறவர்களும், சத்தம் தாங்காத தலைவலிக்காரர்களும், துக்கத்தில் தனிமையை நாடுகிறவர்களும் முதலில் சொன்ன இடங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது. அதில் பக்திக் குறைவு எதுவும் இல்லை.

இந்த உரத்த வழிபாட்டு முறைக்குத் திருச்சபையில் அதிக வயதில்லை. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து டியூக்கேன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் மேற்கொண்ட ஒரு வார இறுதித் தியானத்திலிருந்து தூய ஆவியாரின் கொடைகளை முன்னிறுத்தும் கத்தோலிக்க அருங்கொடைப் புதுப்பித்தல் இயக்கம் பிறந்ததாகச் சொல்வார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல் அந்த இயக்கத்தாரை உரோமையில் சந்தித்துப் பேசினார். ஆகவே, "இது பெந்தெகோஸ்துக்காரர்களின் வழக்கம், நமக்கு எதற்கு?" என்று முகம் சுளிக்கிற உறவினருக்கு, இது திருச்சபைக்குள் அனுமதியோடு நடப்பது என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் முரிங்கூரின் வேர் அருங்கொடை இயக்கத்தைவிடப் பழமையானது. 1617 சனவரியில் பிரான்சின் ஃபோல்வில் என்ற சிற்றூரில், வாழ்நாள் முழுவதற்குமான பொதுப் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிப் புனித வின்சென்ட் தெ பவுல் ஒரு மறையுரை ஆற்றினார். அதைக் கேட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த மக்களின் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், அருகிலிருந்த அமியான் நகரத்து இயேசு சபைக் குருக்களைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. ஊர் ஊராகப் போய்ப் போதித்து மக்களை ஒப்புரவுக்கு அழைத்து வருவதையே அவர் தம் பணியாகக் கொண்டதற்கு அந்த நாள்தான் தொடக்கம். அவரைப் பாதுகாவலராகக் கொண்டு, 1904இல் வைக்கம் அருகே தோட்டகத்தில், கேரளத்துக் கத்தோலிக்கத் திருச்சபைகளில் ஒன்றான சீரோ மலபார் திருச்சபைக்குள் தோன்றியதே கேரளத்தின் வின்சென்ஷியன் சபை. முரிங்கூரில் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும்போது கால் வலித்தால், அந்த வரிசை ஃபோல்வில்லில் தொடங்கியது என்று நினைத்துக்கொள்ளலாம்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

வாராந்திரத் தியானம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை நிறைவுறுவது நெடுங்கால வழக்கம். நீங்கள் போக விரும்பும் வாரத்தில் தமிழ்த் தியானம் உண்டா என்பதைத் தொலைபேசியில் மையத்திடமே கேட்டு உறுதி செய்த பிறகுதான் தொடர்வண்டிச் சீட்டு எடுக்க வேண்டும். மலையாளம் ஓரளவு புரியும் என்ற துணிச்சலில் மலையாளத் தியானத்தில் உட்காராதீர்கள். பாட்டு புரியும், கதை புரியும், ஆனால் மனத்தைத் தொட வேண்டிய இடத்தில் சொல் கைநழுவிப் போகும்.

ஐந்து நாளும் முழுமையாக இருக்க முடியுமானால் மட்டுமே போங்கள் என்பது என் உறுதியான கருத்து. இந்தத் தியானத்தின் போதனைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்படுபவை: முதலில் இறைவனின் அன்பு, பிறகு பாவம், மனமாற்றம், மன்னிப்பு, அதன்பின் உள்மனக் காயங்களின் குணம், இறுதியில் தூய ஆவியாரின் அருள்பொழிவு. திங்களும் செவ்வாயும் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர் தம் பாவங்களின் பட்டியலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார். புதன்கிழமை வந்து சேர்கிறவருக்கோ மற்றவர்கள் ஏன் அழுகிறார்கள் என்பதே விளங்காது.

நோன்புக் காலமான தவக்காலத்திலும், பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களிலும் கூட்டம் மிகுதியாக இருக்கும். அந்த வாரங்களின் உற்சாகம் தனியானது என்றாலும், முதல்முறை போகிறவருக்கு நெரிசல் குறைந்த வாரமே உகந்தது. ஜூன், ஜூலையில் மழை விடாது பெய்யும். துணி காயாது என்பதைத் தவிர அதில் வேறு குறை இல்லை.

யாருடன் போவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். குடிப்பழக்கமுள்ள கணவரை "வேளாங்கண்ணிக்குப் போகிறோம்" என்று பொய் சொல்லி ஏற்றிவருகிற மனைவியரைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் வேதனை புரிகிறது, ஆனாலும் ஏமாற்றி அழைத்துவரப்பட்டவர் முதல் இரண்டு நாள்களைக் கோபத்திலேயே கழிக்கிறார். உண்மையைச் சொல்லி, வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். கைக்குழந்தையுடன் ஐந்து நாள் கூடத்தில் இருப்பதும் எளிதன்று. தவிர்க்க முடியாதென்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் உடன் வர வேண்டும்.

பயணம்

முரிங்கூர், சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. கோவையிலிருந்து சாலை வழியாக வருகிறவர்கள் வாளையாறு, பாலக்காடு, வடக்கஞ்சேரி கடந்து, குதிரான் மலைச் சுரங்கப்பாதையின் ஊடாகத் திருச்சூரை அடைந்து, அங்கிருந்து தெற்கே வரலாம். தொடர்வண்டியில் வருகிறவர்களுக்குத் திருச்சூர், எர்ணாகுளம் தடத்தில் உள்ள சாலக்குடி நிலையம் வசதியானது. தியான மையத்தின் அருகிலேயே டிவைன் நகர் என்ற சிறு நிலையமும் உண்டு. ஆனால் அங்கே நிற்பவை பெரும்பாலும் பாசஞ்சர் வண்டிகளே. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நெடும்பாசேரி விமான நிலையம் பக்கம்தான்.

ஞாயிறு நண்பகலுக்குள் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். இரவெல்லாம் உட்கார்ந்து பயணம் செய்து, மாலையில் பதறி ஓடிவந்து, பெட்டியோடு கூடத்துக்குள் நுழைகிறவர் திங்கட்கிழமை முழுவதும் தூங்கி வழிவார். சனிக்கிழமை இரவு நன்றாகத் தூங்குவதும் இந்தத் தியானத்துக்கான தயாரிப்பில் ஒரு பகுதிதான்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

திருவிவிலியம், செபமாலை, குறிப்பேடு, பேனா ஆகியவை முதலில். கைப்பேசியில் இருக்கும் விவிலியம் போதாது, ஏனெனில் தியான நாள்களில் கைப்பேசியை அணைத்து வைக்கும்படி கேட்டுக்கொள்வார்கள். அதை ஒரு கட்டுப்பாடாக எண்ணாமல் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவசரத்துக்கு எந்த எண்ணில் கூப்பிடலாம் என்பதையும் கொடுத்துவிட்டு வருவது நல்லது. ஆதார் அட்டையும் அதன் நகலும் அறை எடுக்கத் தேவைப்படும். போர்வை, மெல்லிய தலையணை உறை, பூட்டு, கொசுவத்தி, குடை, துணி காயப்போடக் கயிறு ஆகியவை பொது விடுதியில் தங்குகிறவர்களுக்குப் பெரிய உதவி. உடை எளிமையாகவும் அடக்கமாகவும், தரையில் மணிக்கணக்காக உட்காரவும் முழந்தாளிடவும் ஏற்றதாகவும் இருக்கட்டும். நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். தினமும் உட்கொள்ளும் மாத்திரைகளை ஏழு நாளுக்குக் குறையாமல், மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்கள் பிஸ்கட்டோ பழமோ எப்போதும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். திருப்பலியில் தரப்படும் அப்பமாகிய நற்கருணையை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் தண்ணீரும் மருந்தும் அந்த ஒழுங்கை முறிப்பதில்லை என்றும், முதியோரையும் நோயாளரையும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களையும் அது கட்டுப்படுத்துவதில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. "நன்மை (நற்கருணை) வாங்க வேண்டுமே" என்று பயந்து இன்சுலின் போட்ட பிறகும் சாப்பிடாமல் உட்கார்ந்து மயங்கி விழுந்த ஒரு பாட்டியைத் தாங்கிப் பிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

உணவைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. கேரளத்துச் சோறு பருத்த சிவப்பு மட்டை அரிசியில் ஆனது. நம் பொன்னிக்குப் பழகிய வயிற்றுக்கு முதல் நாள் அது கனமாகத் தெரியும், மூன்றாம் நாளுக்குள் பிடித்துப்போகும். குடிக்கத் தரும் வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் பதற வேண்டாம்; அது பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த நீர்.

கூடத்தில் உட்காரும்போது

காலைச் செபத்தில் தொடங்கி இரவு வரை போதனை, பாட்டு, திருப்பலி, செபமாலை, நற்கருணை ஆராதனை என்று நாள் நிறைந்திருக்கும். மணி அடித்தால் எழுந்து போவது, உணவு வரிசையில் நிற்பது, இடத்தைப் பிறருக்கு விட்டுக் கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் உடன்பட்டுவிட்டால் பாதிக் களைப்பு குறையும். "இயேசுவுக்கே புகழ், இயேசுவுக்கே நன்றி, மரியே வாழ்க" என்று தன்னார்வலர்கள் வணக்கம் சொல்வார்கள். பதிலுக்கு அதையே சொன்னால் போதும்.

புதியவர்களைத் திகைக்க வைப்பது புகழ்ச்சி ஆராதனைதான். போதகர் கைகளை உயர்த்தச் சொல்வார், எல்லோரும் ஒரே குரலில் உரக்கப் புகழ்வார்கள், சிலர் தமக்குள் பொருள் விளங்காத ஒலிகளில் செபிப்பார்கள். அதுவே புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பரவசப் பேச்சு என்று குறிப்பிடும் கொடை. உங்களுக்கு அது வரவில்லையென்றால் எதுவும் குறைந்துவிடவில்லை. கொடைகள் பலவகை என்றும், யாவற்றிலும் மேலானது அன்பே என்றும் அதே திருமுகம் சொல்கிறது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நடிக்காதீர்கள். கைகளை உயர்த்த மனம் வரவில்லையென்றால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவை தாமாக உயரலாம், உயராமலும் போகலாம்.

தலைமேல் கைவைத்துச் செபிக்கும் நேரத்தில் சிலர் பின்னால் சாய்ந்து தரையில் படுத்துவிடுவதையும் காண்பீர்கள். ஆவியில் இளைப்பாறுதல் என்று அதைச் சொல்கிறார்கள். விழுவதனால் ஒருவர் மற்றவரைவிடப் புனிதராகிவிடுவதில்லை, விழாததனால் யாருக்கும் தடை இருக்கிறது என்றும் பொருளில்லை. முதுகுவலியோ கழுத்துத் தேய்மானமோ உள்ளவர்கள் முன்னதாகவே தன்னார்வலரிடம் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தபடியே செபத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

தூய ஆவியாரின் அருள்பொழிவுக்காகச் செபிக்கும் நாளை ஒரு புதிய திருமுழுக்காக எண்ணிக் குழம்புகிறவர்களும் உண்டு. திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் பெற்றுக்கொண்ட ஆவியாரின் கொடைகள் நம் வாழ்வில் விழித்தெழ வேண்டுமென்று வேண்டுவதே அந்தச் செபம். திருச்சபையின் அருட்சாதனங்கள் ஏழு; அது எட்டாவது அருட்சாதனம் அன்று.

பாவசங்கீர்த்தனம்

வாரத்தின் நடுவில் இதற்கான நேரம் ஒதுக்கப்படும். பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் இங்கேதான் பின்வாங்குகிறார்கள், பெரும்பாலும் வெட்கத்தினால் அன்று, எப்படித் தொடங்குவது என்பதே மறந்துபோனதால். சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த ஐந்து காரியங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், பரிகாரம். அந்தப் பழைய வரிசையைவிட எளிதான வழி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆத்தும சோதனையை வரிசையில் நிற்கும்போது செய்யாதீர்கள். செவ்வாய்க்கிழமை இரவே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தனியே உட்கார்ந்து, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கடந்துவர வேண்டும். நீண்ட இடைவெளி விட்டவர்கள் ஆண்டுகளின் கணக்கில் யோசிப்பதைவிட வாழ்க்கையின் பருவங்களாகப் பிரித்துக்கொள்வது எளிது: பள்ளிக் காலம், வேலைக்குச் சேர்ந்த காலம், திருமணத்துக்கு முன், திருமணத்துக்குப் பின், பெற்றோரின் கடைசி நாள்கள். சொத்துப் பங்கீட்டில் அண்ணன் தம்பிக்குள் நடந்தது, அலுவலகத்தில் வாங்கிய கையூட்டு, கலைத்த கரு, மருமகளிடம் பேசிய சொல், இவையெல்லாம் ஏழாம் கட்டளையிலும் ஐந்தாம் கட்டளையிலும் வந்து நிற்கும்போது பேனா தயங்கும். தயங்குகிற இடத்தில் ஒரு சொல்லாவது எழுதிவிடுங்கள். எழுதிய தாளைப் பிறர் கையில் கிடைக்காதபடி வைத்திருந்து, பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

குருவின் முன் முழந்தாளிட்டு, சிலுவை அடையாளம் வரைந்து, "சுவாமி, என்னை ஆசீர்வதியும்; நான் பாவசங்கீர்த்தனம் செய்து இத்தனை ஆண்டாயிற்று" என்று தொடங்கினால் போதும். முறை மறந்துவிட்டதென்றால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர் கேள்வி கேட்டு வழி நடத்துவார். சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, அவற்றின் வகையையும், நினைவிருக்கும் அளவில் எத்தனை முறை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கணவரின் பாவத்தையும் மாமியாரின் பாவத்தையும் அறிக்கையிட நாம் அங்கே போகவில்லை. "அவர் அப்படிச் செய்ததால்தான் நான் இப்படி" என்று தொடங்கும் வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் சொன்னாலே நேரமும் மிஞ்சும், மனமும் லேசாகும். இறுதியில் மனத்துயர் செபம். நம் பாட்டிமார் உத்தம மனஸ்தாப மந்திரம் என்று சொன்னதும் அதுதான், இரண்டில் எது நாவில் வருகிறதோ அதைச் சொல்லலாம்.

கேட்ட பாவத்தை எந்தக் காரணத்துக்காகவும் குரு வெளியிட முடியாது. இந்த இரகசியக் காப்பை முத்திரை என்பார்கள்; அதை நேரடியாக உடைப்பவருக்குத் திருச்சபைச் சட்டப்படி அப்போதே திருச்சபையிலிருந்து புறம்பாக்கும் தண்டனை விழுகிறது. நம் பங்குக்குருவிடம் சொல்லத் தயங்கியதை, மறுபடி சந்திக்கவே போகாத ஒரு குருவிடம் சொல்வது பலருக்கு எளிதாக இருக்கிறது என்பதும் இப்படிப்பட்ட தியான இல்லங்களின் மறைவான பயன்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. தியான இல்லங்களில் ஆலோசனை வழங்குகிறவர்களில் துறவறச் சகோதரிகளும் பொதுநிலையினரும் உண்டு. அவர்களிடம் மனம்விட்டுப் பேசலாம், அழலாம், அவர்கள் செபிக்கவும் செய்வார்கள். ஆனால் அது பாவசங்கீர்த்தனம் ஆகாது. பாவமன்னிப்பு குருவிடமிருந்தே வர வேண்டும். திருச்சபைக்கு வெளியே திருமணம் செய்தவர்கள், மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர்கள் போன்றோர் வரிசையில் நின்று திகைப்பதைவிட, முன்னதாக ஒரு குருவைத் தனியே சந்தித்துத் தங்கள் நிலையைச் சொல்லி என்ன செய்யலாம் என்று கேட்பது நல்லது. ஆயரின் திருமண நீதிமன்றத்தில் சரிசெய்யக்கூடிய சிக்கலாகவும் அது இருக்கலாம்.

குணமளிக்கும் செபம்

ஆராதனைக்காக எழுந்தேற்றம் செய்யப்பட்ட (வெளியே வைக்கப்பட்ட) நற்கருணையின் முன் முழந்தாளிட்டிருக்கும் மக்கள் திரளின் நடுவே, அது வைக்கப்பட்ட கதிர்ப்பாத்திரத்தைக் குரு கொண்டுவரும்போது, எந்தச் சந்தேகக்காரரின் தொண்டையும் ஒருமுறை அடைக்கும். உங்கள் வேண்டுதலைச் சொல்லுங்கள், நோயின் பெயரைச் சொல்லுங்கள், எதிர்பார்ப்போடு இருங்கள். நற்செய்தியில் குருடரும் தொழுநோயாளரும் அப்படித்தான் கேட்டார்கள்.

அதே வேளையில், திருச்சபை இந்தச் செபத்துக்கு வரம்புகளும் விதித்திருக்கிறது. குணம்பெறுவதற்கான செபங்களைப் பற்றி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுறுத்தல், அத்தகைய கூட்டங்களில் வெறியுணர்ச்சியையோ நாடகத்தன்மையையோ பரபரப்பையோ ஒத்த எதுவும் இடம்பெறக் கூடாது என்றும், கூட்டத்தை நடத்துகிறவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. எந்தத் தியான இல்லத்துக்குப் போனாலும் இந்த அளவுகோலைக் கையில் வைத்திருங்கள்.

மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. குறிப்பாக வலிப்பு, மனநோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கானவற்றை. குணமாகிவிட்டதென்று உறுதியாக உணர்ந்தால், ஊர் திரும்பிப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவர் வாயால் அதைக் கேளுங்கள். உண்மையான குணம் பரிசோதனைக்கு அஞ்சாது. மேடையேறிச் சாட்சி சொல்வதற்கும் அவசரம் வேண்டாம். சாட்சி என்பது நடந்ததைச் சொல்வது, நடக்க வேண்டுமென்று விரும்புவதைச் சொல்வதன்று.

"உங்கள் குடும்பத்தில் ஏழு தலைமுறைச் சாபம் இருக்கிறது, அதை முறிக்க இத்தனை செபம் செய்ய வேண்டும்" என்று யாராவது சொன்னால் அமைதியாக எழுந்து வந்துவிடுங்கள். முன்னோரின் பாவம் பின்னோர்மேல் இறங்கி நோயாகிறது என்று சொல்லி நடத்தப்படும் பரம்பரைக் குணமாக்கல் முறைகள் கத்தோலிக்கப் போதனைக்கு ஒவ்வாதவை என்று ஸ்பெயின் நாட்டு ஆயர்கள் 2024இல் விளக்கக் குறிப்பே வெளியிட்டார்கள். திருமுழுக்குப் பெற்றவர்மேல் தாத்தாவின் பாவத்துக்குக் கணக்கு எழுதுவது நம் விசுவாசம் அன்று.

பிற சமயத்தவரை அழைத்துச் சென்றால்

இந்துக்களும் இஸ்லாமியரும் இத்தகைய தியானங்களுக்கு வருவது புதிதன்று. போதனைகளிலும் ஆராதனையிலும் அவர்கள் தாராளமாகப் பங்கெடுக்கலாம். நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கு உரியது என்பதை உடன் அழைத்துச் செல்கிறவர் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு, திருப்பலி வரிசையில் தடுத்து நிறுத்தப்பட்டால் விருந்தாளியை அவமதித்தது போலாகும். ஆலோசனைக்கோ தனிச் செபத்துக்கோ அவர்கள் விரும்பினால் கேட்டுப் பெறலாம்.

காணிக்கை

அறைக்கும் உணவுக்கும் உரிய தொகையைப் பதிவு மேசையில் கேட்டுச் செலுத்திவிட்டு, அதற்குமேல் கொடுப்பதை உங்கள் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பலிக் கருத்துக்கும் (நம் வேண்டுதலுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்பதற்கும்) காணிக்கைக்கும் அலுவலகத்தில் இரசீது பெறலாம். முரிங்கூர் வளாகத்தில் ஆதரவற்றோருக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் எய்ட்ஸ் நோயாளிகளுக்குமான இல்லங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. கொடுக்க மனமிருந்தால் அவர்களுக்கென்று குறிப்பிட்டுக் கொடுக்கலாம். வெளியே தனியாக வந்து உங்களிடம் பணம் கேட்கும் எந்த "ஊழியக்காரருக்கும்" கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு

நிறைவுத் திருப்பலி முடிந்த கையோடு எல்லோருக்கும் ஒரு துள்ளல் இருக்கும். திரும்பும் வண்டியில் பாட்டும் கைதட்டலும் பாலக்காடு வரை கேட்கும்; வாளையாறு தாண்டியதும் வீட்டு நினைவு வந்துவிடும். வீட்டாருக்கு இந்த ஐந்து நாளும் சாதாரண ஐந்து நாள்களாகவே கழிந்திருக்கின்றன என்பதை மறந்து, வாசற்படியிலேயே போதிக்கத் தொடங்குகிறவர்கள் எளிதில் சண்டையில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வாரம் பேச்சைக் குறைத்து, பாத்திரம் துலக்குவதைக் கூட்டிக்கொண்டால் வீட்டார் தாமாகவே "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்பார்கள்.

பங்கில் செபக்குழு இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போங்கள். முரிங்கூர்ப் பாட்டைப் பங்குக் கோவிலில் பாடவில்லை, பங்குக்குருவின் மறையுரையில் நெருப்பில்லை என்று குறைசொல்லத் தொடங்குவது தியானம் முடித்தவர்களின் தொற்றுநோய். ஆண்டுக்கு மூன்று முறை தியான இல்லத்துக்குப் போய், சொந்தப் பங்கின் ஞாயிறு திருப்பலிக்கு நேரம் கழித்து வருகிறவர்களை நான் அறிவேன். மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம், நாளும் பதினைந்து நிமிடம் விவிலிய வாசிப்பு என்ற அளவில் தொடங்கினால் தவக்காலம் வரையாவது தாக்குப்பிடிக்கும்.

எஞ்சியிருப்பது பரிகாரம். குரு சொன்ன செபங்களை அன்றே சொல்லி முடித்திருப்பீர்கள். ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும், பழி சுமத்தியவரின் பெயரைச் சீராக்குவதும், பேச்சு நின்றுபோன உடன்பிறப்பிடம் முதலில் போவதும் ஊருக்கு வந்த பிறகுதான் செய்ய முடிந்தவை. இவற்றுக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன்பாகவே செய்து முடியுங்கள். என்னுடன் வந்த ஒருவர், இருபது ஆண்டுக்கு முன் தம் முதலாளியின் கடைக் கல்லாவிலிருந்து எடுத்த தொகையை வட்டியோடு கணக்குப் போட்டு, முதலாளி இறந்துவிட்டதால் அவர் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கென்று கேட்டுவிட்டு, காப்பி வரவழைத்துக் கொடுத்தாராம்.